பனி வாரி வீசற மெஷின்ல குழாவ எப்படித் திருப்பறது
வேலூர் வெயில்ல குந்திக்கினு பனி மெஷினப் பத்தி எழுதறானேன்னு சிரிக்காதீங்க, என் மச்சான் டொரான்டோல கீறான், நாம சாயங்காலம் டீ குடிக்கற நேரத்துக்கு அவனுக்கு விடியுது, பனி கொட்டுனா அப்பவே வீடியோ கால்ல வந்து "மாமா, குழா திரும்ப மாட்டேங்குது"ம்பான். நான் மல்லாட்டை மெஷின் ரிப்பேர் பாக்கறவன், சாமான் வேற, சூத்திரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

முன்னாடி திருகாட்டம் சுத்தற ஆகர் பனிய நடுவுக்கு இஸ்துக்கினு வரும், அதுக்குப் பின்னால இம்பெல்லர்னு ஒரு விசிறி வேகமா சுத்தி அத குழா வழியா மேல வீசும். சின்ன மெஷின்ல தனி விசிறி இருக்காது, ஆகரே வீசிடும்.

கிராங்க, அதான் சுத்தற கைப்புடிய, சுத்துனா குழா இடம் வலம் திரும்பும். உச்சியில கீற மூடிய தூக்குனா பனி தூரமா போவும், தாழ்த்துனா கிட்டயே விழும், பக்கத்து வீட்டுக் கார் நிக்கற பக்கம்னா தாழ்த்திக்கணும். களத்துல நெல்லு தூத்தறப்போ காத்துக்கு எதிர்ல நின்னா தூசு மூஞ்சிலதான, இங்கயும் அதான், காத்து போற பக்கம் குழாவத் திருப்புங்க, இன்னும் வாராத பக்கம் கொட்டுனா ரெண்டு தபா வாரணும்.

கிராங்க் சுத்தியும் குழா அசையலன்னா அடியில கீற பல்லுல ஐஸ் புடிச்சிருக்கும், இல்ல கிராங்க் நுனி பல்லுல மாட்டாம நழுவுது, பிராக்கெட் போல்ட்ட லூஸ் பண்ணி பல்லுகிட்ட நகர்த்தி டைட் பண்ணுங்க, ரொம்ப அழுத்திட்டா இறுகிக்கும். மூடி தானா தொங்கிப் போச்சுன்னா சைடு நாப்ப இறுக்குங்க, கேபிள் வெச்ச மாடல்னா கேபிள் தொய்வ எடுக்கணும்.

ஈரப்பனி குழால அடைச்சிக்கும், அப்ப கைய மட்டும் உடாதீங்க. இஞ்சின ஆஃப் பண்ணி, சாவிய எடுத்து, எல்லாம் சுத்தறது நின்னப்புறம் மெஷின்லயே சொருகி வெச்சிருக்கற குச்சியால குத்தி எடுங்க. ஆஃப்லதான கீதுன்னு நெனைக்கக்கூடாது, பெல்ட்ல இழுவை பாக்கி இருந்தா அடைப்பு உட்டதும் விசிறி வெடுக்குனு ஒரு சுத்து சுத்தும். என் எடது மோதர விரல் நுனி அப்படித்தான் போச்சு, மோட்டார நிறுத்திட்டுதான் மெஷினுக்குள்ள கைய உட்டேன்.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே குழா உள்ள சிலிகான் ஸ்ப்ரே அடிச்சா பனி ஒட்டாது. மச்சான் சமையல் எண்ணெய் தடவுனானாம், அதுவும் வேல செஞ்சிது.