என்விஆர் பெட்டியை நீங்களே இணைக்கலாம்: கெமராவிலிருந்து போன் வரை

வீட்டுக்கோ கடைக்கோ நான்கு கெமரா பூட்டப் போகிறீர்கள் என்றால், சுவரில் துளை போடுவதையும் வயர் இழுப்பதையும் வயரிங் பாஸ் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அந்த வயர்கள் எல்லாம் வந்து சேர்ந்து, கெமராப் படங்களைப் பதிந்து வைக்கும் பெட்டியை நீங்களே இணையுங்கள். பாஸ்வேர்ட் உங்கள் கையில் இருக்கும். நாளைக்கு ரூட்டரை மாற்றினாலும் யாருக்கோ போன் எடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையில் மாமாவின் கடைக்கும் அதற்கு மேல்மாடியிலுள்ள வீட்டுக்கும் நான் செய்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பெட்டி?

வட்டமான கறுப்பு வயர், முனையில் முறுக்கிப் பூட்டும் பிஎன்சி தலை என்றால் அது டிவிஆர். இன்டர்நெட் வயர் மாதிரி சதுரத் தலை என்றால் என்விஆர். பழைய வட்ட வயர் ஏற்கனவே சுவருக்குள் இருந்தால் அதைப் பிடுங்காமல் டிவிஆரே வாங்குங்கள், காசு மிச்சம். புதிதாக இழுப்பதென்றால் பிஓஇ போர்ட் உள்ள என்விஆர்தான் என் தெரிவு. பிஓஇ என்றால் படமும் கரண்டும் ஒரே வயரில் போகும். இதன் அருமை கரண்ட் போனால்தான் தெரியும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களை நாம் யாரும் மறக்கவில்லை. டிவிஆரில் கெமராவுக்கென்று தனி 12 வோல்ட் அடப்டர் எங்கேயோ ஒரு மூலையில் தொங்கும். பிஓஇயில் என்விஆரையும் ரூட்டரையும் ஒரு யூபிஎஸ்ஸில் கொடுத்துவிட்டால் கெமராக்களும் சேர்ந்தே ஓடும். 13 மணி நேரம் எந்தச் சின்ன யூபிஎஸ்ஸும் தாங்காது, சரி. ஆனால் சின்னச் சின்ன வெட்டுக்களைத் தாண்டிவிடும். ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியையும் அதே யூபிஎஸ்ஸில் போட மறக்க வேண்டாம்.

கெமராவும் என்விஆரும் ஒரே பிராண்டாக இருக்கட்டும். ஒன்விஃப் என்ற பொது முறை இருப்பதால் வேறு வேறு பிராண்டும் பேசிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் படம் வந்தாலும், அசைவைக் கண்டு எச்சரிப்பது பல நேரம் வேலை செய்யாது. சில கெமராக்களில் ஒன்விஃபுக்கு என்று தனியாக ஒரு பயனர் பெயர் உண்டாக்கினால்தான் படமே வரும். முதல்முறை செய்கிறவருக்கு அந்தத் தலையிடி வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புக்கென்றே வருவதைக் கேளுங்கள்: டபிள்யூடி பர்ப்பிள் அல்லது சீகேட் ஸ்கைஹாக். கொம்பியூட்டரில் கழற்றிய பழைய டிஸ்க் இரவு பகலாக எழுதும் வேலைக்கானது அல்ல. எவ்வளவு பெரியது? ஒரு கெமரா 2 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் பதிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 கிகாபைட். நான்கு கெமராவுக்கு 86 கிகாபைட் சொச்சம். ஆக 1 டெராபைட்டில் பதினொரு நாள்தான் நிற்கும். கடைக்கு 2 டெராபைட்டாவது போடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். வயர், கிளிப், கேசிங் போன்றவற்றுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு.

வயர்

கட்6 வயர் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா? விலை குறைந்த சுருள்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஒரு முனையைச் சீவி பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், அதனால் நீளமான வயரில் வோல்ட் விழும். இது எப்படிக் காட்டும் தெரியுமா? பகல் முழுக்கக் கெமரா வடிவாக வேலை செய்யும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், கெமரா இழுக்கும் கரண்ட் கூடும், வயரால் கொடுக்க முடியாமல் கெமரா அணைந்து, திரும்ப எழும்பி, திரும்ப அணையும். கெமராதான் பழுது என்று கடைக்குக் கொண்டு போனால் அங்கே, மேசையில், ஒரு முழ வயரில் நன்றாகத்தான் ஓடும். டிவிஆர்காரர்களுக்கும் மெல்லிய 12 வோல்ட் வயரில் இதே கதைதான். பகலில் இருக்கிறது, இரவில் இல்லை என்றால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள்.

சதுரத் தலை அடிக்கும் நிற வரிசை: வெள்ளை-ஒரேஞ்ச், ஒரேஞ்ச், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுண், பிரவுண். இரண்டு முனைக்கும் இதே வரிசை. நீளம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது. கெமராவோடு வரும் தண்ணீர் புகாத மூடியைத் தலை அடிப்பதற்கு முன்பே வயரில் கோத்துவிடுங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கமாக வீடு என்றால் இந்த மூடி கட்டாயம். உப்புக் காற்று கொஞ்ச காலத்திலேயே அந்தச் செம்புப் பற்களைப் பச்சையாக்கிவிடும்.

இணைக்கும் வரிசை

முதலில் ஹார்ட் டிஸ்க்கை உள்ளே திருகுங்கள். அது இல்லாமல் போட்டால் சில பெட்டிகள் நிறுத்தாமல் பீப் அடித்து வீட்டையே எழுப்பும். அடுத்து எச்டிஎம்ஐ வயரில் மொனிட்டர், முன்னாலுள்ள யூஎஸ்பியில் மவுஸ், கடைசியாகக் கரண்ட். கெமராக்களை இன்னும் தொடாதீர்கள்.

திரை கறுப்பாகவே இருந்தால் வேறொரு மொனிட்டரோ டிவியோ போட்டுப் பாருங்கள். பெட்டி அனுப்பும் ரெசலூஷனைப் பழைய மொனிட்டர் தாங்காதபோது இப்படி ஆகும். புதிய திரையில் உள்ளே போய் 1024 x 768க்குக் குறைத்துவிட்டுப் பழையதை மாட்டலாம். டிவியில் போட்டால் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு நேரம் காட்டும் வரி மறைந்துவிடும். அது டிவியின் வேலை. டிவி மெனுவில் படத்தின் அளவைத் திரைக்குப் பொருந்த மாற்றினால் சரி. எச்டிஎம்ஐயை அறை விட்டு அறை இழுக்க நினைக்க வேண்டாம், பத்து மீற்றருக்கு மேல் சாதாரண வயரை நம்ப முடியாது.

பாஸ்வேர்ட் கேட்கும். கடைப் பெயரும் 123உம் சேர்த்துப் போட வேண்டாம். 2016இல் மிராய் என்ற நிரல் உலகம் முழுக்க டிவிஆர்களையும் கெமராக்களையும் கைப்பற்றியது, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதால்தான். மறந்தால் மீட்பதற்கான ஈமெயிலையும் அங்கேயே கொடுத்து வையுங்கள்.

பிறகு டிஸ்க்கை ஃபோர்மட் செய்து, நேர வலயத்தை +5:30 ஆக்கி, கோடைகால நேரம் என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வீடியோ முறை 50 ஹேர்ட்ஸ் அல்லது பால் (PAL) என்று இருக்க வேண்டும். நமது கரண்ட் 50 ஹேர்ட்ஸ். 60இல் விட்டால் கடை டியூப் லைட்டுக்குக் கீழே படம் அலை அலையாக ஓடும்.

இனி கெமராக்களை ஒவ்வொன்றாகப் பின்னால் உள்ள பிஓஇ போர்ட்களில் சொருகுங்கள். புதிய, அதே பிராண்ட் கெமரா என்றால் கொஞ்ச நேரத்தில் தானாகவே படம் வரும். பாஸ்வேர்ட் தவறு என்று காட்டினால் அந்தக் கெமராவுக்கு முன்பே வேறு பாஸ்வேர்ட் போடப்பட்டிருக்கிறது. அந்த சனலை மெனுவலுக்கு மாற்றிப் பழைய பாஸ்வேர்டைக் கொடுங்கள், அல்லது கெமராவை ரீசெட் பண்ணுங்கள்.

ரூட்டர்: எல்லோரும் நிற்கும் இடம்

பெட்டிக்குப் பின்னால் ஒரே மாதிரி சொக்கட்கள் வரிசையாக இருக்கும். சற்றுத் தள்ளி அதே வடிவில் இன்னொன்று, லேன் என்று எழுதியிருக்கும். ரூட்டரிலிருந்து வரும் வயர் அந்தத் தனி சொக்கட்டுக்குத்தான். இடம் காலியாக இருக்கிறதே என்று பிஓஇ போர்ட்டில் சொருகினால் நெட் வராது.

ஏன் என்றால் இந்தப் பெட்டிக்குள் இரண்டு நெட்வொர்க் இருக்கிறது. ஒன்று கெமராக்களுக்கு மட்டும் பெட்டி தானாக நடத்துவது. அதன் முகவரிகள் ஹிக்விஷன் பிராண்ட் பெட்டிகளில் 192.168.254 என்றும், டாஹுவா பிராண்டில் 10.1.1 என்றும் தொடங்கும். மற்றது உங்கள் வீட்டு ரூட்டர் நடத்துவது, பெரும்பாலும் 192.168.1 என்று தொடங்கும். உங்கள் லேப்டொப்பில் கெமராவின் முகவரியை நேரே அடித்தால் திறக்காததற்கும் இதுதான் காரணம். இரண்டுக்கும் நடுவே என்விஆர் என்ற வாசல் இருக்கிறது. அதன் வழியாகத்தான் போக வேண்டும். கெமராக்கள் வெளி நெட்டைத் தொடாமல் இருப்பது நல்லதும்கூட.

சரி, லேன் வயர் போட்டாயிற்று. மெனுவில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போங்கள். இங்கே நாலு விஷயம்: ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ். டிஎச்சிபியை ஒன் பண்ணினால் நாலையும் ரூட்டரே நிரப்பும். முகவரி மாறிவிடக் கூடாது என்று பலர் அதை ஒஃப் பண்ணிவிட்டுக் கையால் எழுதுவார்கள். அப்போது ஐபியை மட்டும் ஒழுங்காக எழுதி, டிஎன்எஸ்ஸை விட்டுவிடுவார்கள். விளைவு விசித்திரமாக இருக்கும்: வீட்டுக் கொம்பியூட்டரில் படம் வரும், போன் செயலியில் மட்டும் ஒஃப்லைன். கேட்வே என்பது வெளியே போகும் வாசல், ரூட்டரின் முகவரி; டிஎன்எஸ் என்பது பெயரை முகவரியாக்கித் தருவது. இரண்டில் ஒன்று பிழைத்தாலும் பெட்டியால் தன் நிறுவனத்தின் சேர்வரைத் தேடிப் பிடிக்க முடியாது. டிஎன்எஸ்ஸுக்கு ரூட்டரின் முகவரியையோ 8.8.8.8 என்பதையோ கொடுக்கலாம்.

நான் செய்வது வேறு: என்விஆரில் டிஎச்சிபியை ஒன்னிலேயே விட்டு, ரூட்டருக்குள் போய் அந்தப் பெட்டியின் மேக் முகவரிக்கு (பெட்டிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கிவிடுவேன். முகவரியும் மாறாது, எழுத்துப் பிழைக்கும் இடமில்லை.

போனில் பார்க்க

மெனுவில் கிளவுட் அல்லது பி2பி (நிறுவனத்தின் சேர்வர் வழியாகப் போனையும் பெட்டியையும் இணைப்பது) என்பதை ஒன் பண்ணி, நிலை ஒன்லைன் என்று மாறும் வரை பாருங்கள். அதற்குப் பிறகுதான் செயலியில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். ஹிக்விஷனுக்கு ஹிக்-கனெக்ட், டாஹுவாவுக்கு டிஎம்எஸ்எஸ்.

ரூட்டர் செட்டிங்கில் போர்ட் (வெளி நெட்டிலிருந்து பெட்டிக்கு நேரே வரும் வழி) திறக்கச் சொல்லும் பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்ய வேண்டாம். பெட்டியின் வாசலை ஊருக்கே திறந்து வைக்கிறீர்கள். 2021இல் ஹிக்விஷன் கெமராக்களில் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே நுழையக்கூடிய ஒரு ஓட்டை வெளியானபோது மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இப்படித் திறந்து வைத்தவர்கள்தான். பெட்டியின் மென்பொருளையும் இடைக்கிடை அப்டேட் செய்யுங்கள்.

டேட்டா அளவு வைத்த பெக்கேஜ் என்றால் செயலியில் துணை ஸ்ட்ரீமை, அதாவது தரம் குறைத்து அனுப்பும் படத்தை, தெரிவு செய்யுங்கள். 4 மெகாபிட் பிரதான ஸ்ட்ரீமை வெளியிலிருந்து ஒரு மணி நேரம் பார்த்தால் 1.8 கிகாபைட் போய்விடும். 512 கிலோபிட் துணை ஸ்ட்ரீம் என்றால் 230 மெகாபைட்தான். பதிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, டிஸ்க்கில் முழுத் தரத்திலேயே பதியும்.

பிற்சேர்க்கை

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, ஃபைபரை வெட்டிட்டு 4ஜி ரூட்டர் போட்டேன், அன்றையிலிருந்து போனில ஒஃப்லைன். பெட்டி பழுதாகிட்டுதா?" இல்லை தம்பி. பழைய ரூட்டர் 192.168.1.1, உங்கள் புதிய ரூட்டர் 192.168.8.1. கையால் எழுதிய பழைய முகவரியோடு என்விஆர் இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. டிஎச்சிபியை ஒன் பண்ணினதும் வந்துவிட்டது என்று பிறகு எழுதினார். 4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரிதான், அதனால் போர்ட் திறந்தாலும் பயன் இருக்காது. பி2பிதான் வழி.

இன்னொருவருக்குக் கரண்ட் போய் வரும்போதெல்லாம் நேரம் பழைய வருடத்துக்குப் போகிறது. உள்ளே இருக்கும் பட்டன் பற்றரி செத்துவிட்டது, மாற்றுங்கள். என்டிபியையும் ஒன் பண்ணினால் நெட் வந்ததும் நேரத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும். பிழையான நேரத்தோடு இருக்கும் பதிவைப் பொலிசில் கொடுத்து விளங்கப்படுத்துவது பெரும்பாடு.

பதிவை எடுக்கத் தெரியவில்லை என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். பென் டிரைவை ஃபெட்32இல் ஃபோர்மட் செய்து முன் யூஎஸ்பியில் சொருகி, பிளேபெக்கில் நாளையும் நேரத்தையும் தெரிவு செய்து, எம்பி4 என்ற தெரிவு இருந்தால் அதில் எடுங்கள். இல்லாவிட்டால் பெட்டி தரும் பிளேயரையும் சேர்த்து எடுக்க வேண்டும். தனிக் கோப்பு சாதாரண கொம்பியூட்டரில் ஓடாமல் போகலாம். சம்பவம் நடந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள், டிஸ்க் நிரம்பினால் பழைய நாள்தான் முதலில் அழியும்.