ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றினால்: வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தரிச் செடி வாடி நிற்கிறது. காலையில் பாட்டி ஒரு குடம் ஊற்றியிருப்பார். பத்து மணிக்கு அம்மா அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டியிருப்பார். சாயங்காலம் பிள்ளைகள் ஹோஸ் பைப்பைப் பிடித்து ஆடித் தீர்த்திருப்பார்கள். வாடலைப் பார்த்த அப்பா, பாவம் என்று இன்னொரு வாளி ஊற்றுவார். கொல்லைத் தோட்டம் கெட்டுப்போவதற்குப் பூச்சியைவிட இதுதான் பெரிய காரணம்.

தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது, வேர் அழுகும். வேர் அழுகினாலும் இலை தொங்கும், தண்ணீர் பற்றாவிட்டாலும் தொங்கும். அதனால் இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். உச்சி வெயிலில் தொங்கி, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துகொள்ளும் செடிக்கும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஆள் என்று முறை வைத்து, ஊற்றியதும் சமையலறைக் காலண்டரில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பப்பாளி இதில் ரொம்ப நோஞ்சான். தண்டைச் சுற்றி ஓரிரு நாள் தண்ணீர் நின்றாலே அடித்தண்டு அழுகிவிடும். தண்டடியில் மண் அணைத்து மேடாக்கி, ஒன்றரை அடி தள்ளி வட்டப் பாத்தி எடுக்க வேண்டும்.

அரிசி, பருப்பு களைந்த தண்ணீர் எதற்கும் ஆகும். வாஷிங் மெஷின் தண்ணீரைக் காய்கறிப் பாத்தியில் விடாதீர்கள். சோப்புத்தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். அதைக் கல்வாழைப் பக்கம் திருப்பிவிடலாம்.

அடுத்த பஞ்சாயத்து கீரையில். சிறுகீரையையும் முளைக்கீரையையும் 25 நாள் வாக்கில் வேரோடு பிடுங்குவது வழக்கம். அதே கையோடு அரைக்கீரையையும் பிடுங்கிவிட்டால் பாத்தி காலி. அதைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மாதக்கணக்கில் தழைத்துக்கொண்டே இருக்கும். எந்தப் பாத்தியில் எந்தக் கீரை என்று குச்சி நட்டு எழுதிவையுங்கள். களை எடுக்கிறேன் என்று முளைத்த நாற்றையே யாராவது பிடுங்குவதும் இதனால் குறையும். கீரை விதையை அரை அங்குலம் மண் போட்டு மூடினால் முளைக்காது. பத்துப் பங்கு மணலோடு கலந்து தூவி, கையால் லேசாகக் கிளறி, பூவாளியில் தண்ணீர் தெளித்தால் போதும்.

கொடியில் பூவாய்ப் பூக்கிறது, ஒரு காய்கூட இல்லை என்ற புலம்பலும் எல்லா வீட்டிலும் உண்டு. சுரை, பீர்க்கு, பாகல், புடல், பூசணி ஐந்திலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூதான். அது உதிரத்தான் செய்யும். அதைப் பார்த்துக் கொடியையே அறுத்தெறிகிறவர்கள் இருக்கிறார்கள்! பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. தேனீ வராத வீடுகளில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். இதில் நேரம் தவறினால் பலன் இல்லை. சுரை, பீர்க்கு, புடல் சாயங்காலத்துக்கு மேல் மலரும். பாகலும் பூசணியும் விடியற்காலையில். எட்டு வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும். பிஞ்சில் துளை விழுந்து கோணலாகிக் கெட்டால் அது பழ ஈ வேலை. அந்தக் காயை உரக்குழியில் போட்டால் புழு அங்கேயே வளரும். ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள்.

பச்சைச் சாணத்தை அப்படியே செடியடியில் போடாதீர்கள். மட்கும்போது கிளம்பும் சூடு வேரைத் தாக்கும், வேர் தின்னும் வெள்ளைப் புழுவும் கூடவே வரும். நாற்றம் போய் உதிரியாகும்வரை நிழலில் குவித்து வைக்க வேண்டும். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. முதலில் சோப்புக் கரைசலில் கலக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசிச் செடி கருகும். சாயங்காலத்தில் மட்டும் தெளியுங்கள்.

பிள்ளைகளுக்கென்று மாங்கன்று நட்டுக் கொடுத்து, ஏன் ஆர்வமில்லை என்று கேட்பது நியாயமில்லை. முள்ளங்கியோ வெண்டையோ கொடுங்கள். இரண்டும் ஏறக்குறைய 45 நாளில் கைக்கு வரும். முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கிற பிள்ளைக்குக் கண்ணாடி டம்ளரின் ஓரத்தை ஒட்டி நாலு மொச்சை ஊன்றிக் கொடுத்தால், வேர் இறங்குவதைத் தோண்டாமலே பார்க்கும்.

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். நுனி ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் நார். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் புதுப் பூ குறையும். ஊருக்குப் போய்த் திரும்பினால் முதல் வேலையாக முற்றலை அறுத்துவிடுங்கள். விதைக்கு வேண்டுமானால் நல்ல செடி ஒன்றில் நாலு காயில் மட்டும் சிவப்பு நூல் கட்டுங்கள். அந்த நூல் எதற்கென்று பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் அன்றைக்கே சொல்லிவையுங்கள்.