மின்மானியை மாத நடுவிலும் பாருங்கள்
மின்மானி வாசிப்பவர் வந்துபோன திகதியை ஒழுங்கை முகப்பிலுள்ள வாசிகசாலையின் அறிவித்தல் பலகையில் எழுதிவைத்து, அதிலிருந்து 15ஆம் நாள் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் மானியைப் பார்த்து, கடைசியாக வாசித்த பின் பாவித்தது 30 அலகைத் தாண்டியிருந்தால் அன்றிலிருந்தே பாவனையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகைக் கடந்துவிட்டால், மேலதிகமாகப் பாவித்த அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் அலகிலிருந்தே கூடிய விலைப்பட்டியல் பொருந்துவதால், அந்த 61ஆவது அலகைத் தவிர்ப்பதே பெரிய சேமிப்பு. 1000 வாட் மின்னழுத்தி ஒரு மணித்தியாலம் தொடர்ந்து சூடேறினால் ஓர் அலகு போய்விடும். பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளை நாளுக்கொன்றாக அழுத்தாமல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக அழுத்தி வைப்பதிலிருந்து தொடங்கலாம். குளிர்சாதனப்பெட்டி, கிணற்றுப் பம்பி எல்லாம் சேர்ந்து வழமையாகவே 100 அலகுக்கு மேல் எடுக்கும் வீடுகளுக்கும், கூரையில் சோலார் பூட்டியவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.