பாப்புலேஷன் ஒன் ஆடப்போகிறீர்களா? முதலில் ஃபேனை நிறுத்துங்கள்

எங்கள் ஹால் சீலிங் ஃபேனில் ஒரு இறக்கை கொஞ்சம் வளைந்திருக்கும். மூன்றில் வைத்தால் டக் டக் என்று அடிக்கும். அதை வளைத்தது நான்தான். தலையில் மாட்டிய வி.ஆர். (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட்டுக்குள்ளே, பாப்புலேஷன் ஒன் விளையாட்டில், ஒரு உயரமான கட்டடத்தின் சுவரைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தேன். வெளியே, லுங்கியோடு, ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே நின்று வலது கையை எட்டுமட்டும் தூக்கினேன். கையில் பிடித்திருந்த கண்ட்ரோலருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுண்டுவிரல் நாலு நாள் வீங்கிக் கிடந்தது. "சுட்டுக்கிட்டு அடிபடுவீங்கன்னு நினைச்சேன், ஃபேன்ல போய் அடிபட்டிருக்கீங்க" என்றாள் மனைவி, ஐஸ் கட்டியை நீட்டியபடி.

இந்த விளையாட்டை இறக்குவதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து, ஆடியவர்கள் எழுதியதை எல்லாம் படித்திருந்தேன். "ஏறுவதும் பறப்பதும்தான் இதன் உயிர்" என்று ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஃபேனைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் நிற்கிற அறையில் தலைக்கு மேல் எதுவும் சுற்றியிருக்காது. ஒருவர் சொல்லும் கருத்து அவருடைய அறையிலிருந்தும் உடம்பிலிருந்தும் அவர் ஊர்க் கடிகாரத்திலிருந்தும் வருகிறது. அதை நம் அறைக்கும் நம் உடம்புக்கும் எப்படி மாற்றிப் படிப்பது, படித்தபின் முதல் வாரத்தை எப்படி ஓட்டுவது என்று எழுதி வைக்கிறேன். எனக்கு 43 வயது, கண்ணாடி போட்டவன், கோயம்புத்தூரில் கணக்குத் தணிக்கை வேலை. துப்பாக்கி விளையாட்டில் சூரன் இல்லை. இதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பாப்புலேஷன் ஒன், சியாட்டிலைச் சேர்ந்த பிக்பாக்ஸ் வி.ஆர். என்ற நிறுவனம் 2020 அக்டோபரில் வெளியிட்ட பேட்டில் ராயல். மூன்று பேர் ஒரு ஸ்குவாட், அதாவது அணி. வானத்திலிருந்து குதித்து, துப்பாக்கி பொறுக்கி, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசி ஸ்குவாடாக நிற்க வேண்டும். கண்ணில் படும் சுவர் எதையும் கையால் பிடித்து ஏறலாம். உச்சியிலிருந்து குதித்து இரண்டு கையையும் விரித்தால் பருந்து மாதிரி மிதக்கலாம். 2021 ஜூனில் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 30 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்ததை 2023 மார்ச்சில் இலவசமாக்கினார்கள்.

கருத்தைப் படிக்கும் முன் தேதியைப் பாருங்கள்

அந்த 2023 மார்ச்தான் கோடு. அதற்கு முன்னால் எழுதியவர்கள் காசு கொடுத்து வந்தவர்கள். "ஆட்கள் தங்கமானவர்கள், புதுசாக வந்த எனக்கு யாரோ ஒருத்தர் அரைமணி நேரம் நின்று சொல்லிக்கொடுத்தார்" என்கிற மாதிரிக் கருத்துகள் அந்தக் காலத்தில் நிறைய. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால் அதே விளையாட்டு, அதே சுவர், ஆனால் "சின்னப் பசங்க கத்தித் தீர்க்கிறார்கள்" என்ற புலம்பல். இரண்டும் உண்மைதான். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு டோக்கன் வைத்த நாளும் வைக்காத நாளும் ஒன்றாகவா இருக்கும்? பழைய ஆட்களின் புலம்பலில் பாதி, விளையாட்டைப் பற்றியதே இல்லை. தங்கள் தெரு மாறிவிட்ட வருத்தம் அது. அதற்காக நட்சத்திரத்தைக் குறைத்திருந்தால் நீங்கள் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேதியோடு சேர்த்து, எந்தக் கருவியில் ஆடினார் என்பதையும் பாருங்கள். இதற்கு ஆன்வர்ட் நல்ல உதாரணம். அதுவும் குழுவாக ஆடும் வி.ஆர். சண்டைதான், ஐந்துக்கு ஐந்து, ராணுவக் கெடுபிடி ஜாஸ்தி. 2020இல் அதை, கணினி இல்லாமல் தனியாகவே ஓடும் குவெஸ்ட் ஹெட்செட்டுக்குக் கொண்டுவந்தபோது, அந்தச் சின்னக் கருவி தாங்க வேண்டும் என்று காட்சிகளின் தரத்தைக் குறைத்தார்கள். குறைத்தது கணினிப் பதிப்பையும் சேர்த்து. கணினியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கொதித்துப் போய் எழுதினார்கள். அதே வாரம் குவெஸ்ட் வைத்திருந்தவர்கள் வயர் இல்லாமல் இப்படி ஒன்று ஆடமுடிகிறதே என்று கொண்டாடினார்கள். யார் சொன்னது என்று பார்க்காமல் சராசரி எடுத்தால் 'சுமார்' என்று வரும். அந்த விளையாட்டு யாருக்குமே சுமாராக இல்லை.

அப்புறம், கடைசி மூன்று மாதத்தில் எழுதியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எக்கோ வி.ஆர். என்ற இன்னொரு ஆன்லைன் விளையாட்டை உயிருக்குயிராக நேசித்த கூட்டம் ஒன்று இருந்தது. 2023 ஆகஸ்ட் 1 அன்று சர்வரை அணைத்துவிட்டார்கள். புகழ்ந்து எழுதியதெல்லாம் இன்னும் அங்கங்கே கிடக்கிறது, விளையாட்டுத்தான் இல்லை. ஆன்லைன் விளையாட்டில் நாம் வாங்குவது வாடகை வீடு. சட்டை, தொப்பி, துப்பாக்கிக்குப் பெயிண்ட் என்று காசு கேட்கும் இடத்தில் இது நினைவிருக்கட்டும்.

கடிகாரம்

"ஆட்டம் உடனே கிடைக்கிறது, காத்திருக்கவே வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து காத்திருந்தேன், காத்திருந்தேன், தூக்கம் வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. நியூயார்க்கில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஐந்தரை, அங்கே குளிர்காலமானால் ஆறரை. அவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆட வரும் நேரம் நாம் பால் வாங்கப் போகும் நேரம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு முயன்றுபாருங்கள், கூட்டம் இருக்கும்.

ஆனால் கூட்டம் இருக்கிற சர்வர் தூரத்தில் இருக்கும். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்வர 200 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. நாம் சுவருக்குப் பின்னால் ஒளிந்தபின்னும் சாவோம். எதிராளியின் கணக்கில் நாம் இன்னும் வெளியேதான் நிற்கிறோம். "சுடுவது துல்லியமாக இருக்கிறது" என்பவர் சர்வருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிய சர்வரில் ஆள் குறைவு, ஆனால் அடி நேர்மையாக விழும். நான் கற்றுக்கொள்ளும் வரை ஆசியாவில்தான் காத்துக் கிடந்தேன். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே ஆடுங்கள்.

அறையும் உடம்பும்

ஆறரை அடிக்கு ஆறரை அடி காலி இடம் வேண்டும். டீப்பாயை நகர்த்துங்கள். ஹெட்செட் தரையில் எல்லைக்கோடு போடச் சொல்லும். அந்தக் கோடு பக்கவாட்டைத்தான் காக்கும், மேலே காக்காது. அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராகத் தரையில் வையுங்கள். இது எனக்கு இரண்டு விதத்தில் உதவியது. ஒன்று வியர்வை. இன்னொன்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வைத்து நான் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறேன் என்று உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. தலைசுற்றல் பாதியாகக் குறைந்தது.

தலைசுற்றல் விஷயத்தில் யார் சொல்வதையும் நம்பாதீர்கள், நான் சொல்வதையும்தான். "எனக்கு ஒன்றுமே ஆகவில்லை" என்பவர் மூன்று வருடம் வி.ஆரில் ஊறியவராக இருக்கலாம். எனக்கு முதல் நாள் பதினோரு நிமிடத்தில் வாயில் உமிழ்நீர் ஊறி, காதுக்குப் பின்னால் குளிர்ந்த வியர்வை வந்தது. மலைப்பாதை பஸ்ஸில் வருமே, அதே மாதிரி. 'கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும்' என்று தோன்றும். பழகாது. அந்தக் குளிர்ச்சி தெரிந்த அடுத்த நொடி கழற்றிவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் பத்து நிமிடம், அதற்கு மறுநாள் பதினைந்து. விளையாட்டின் செட்டிங்ஸில், திரும்புவதைத் துண்டுதுண்டாகத் திரும்பும்படி வையுங்கள், ஓடும்போது ஓரங்களை இருட்டாக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். அனுபவசாலிகள் கேலி செய்வார்கள். எனக்கு இரண்டு வாரம் ஆனது அதையெல்லாம் எடுக்க. இன்றும் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுப் பறக்க மாட்டேன்.

கண்ணாடிக்காரர்கள் ஹெட்செட்டை முன்பக்கமிருந்து மாட்டி, பின்பட்டையை அப்புறம் இழுங்கள். மாற்றிச் செய்தால் மூக்குக் கண்ணாடியும் ஹெட்செட் லென்ஸும் உரசிக் கீறல் விழும். குவெஸ்ட் 2 வைத்திருந்தால் பெட்டியில் ஒரு கறுப்புச் சட்டம் இருந்திருக்கும், கண்ணாடிக்கு இடம் விடுவதற்காக. என்னவென்று தெரியாமல் தூக்கிப்போட்டிருக்காதீர்கள்.

முதல் வாரம்

நேரே பேட்டில் ராயலில் குதிக்காதீர்கள். "இரண்டு நிமிடத்தில் செத்துவிட்டேன், யார் சுட்டார்கள் என்றே தெரியவில்லை" என்று எழுதி நீக்கிவிட்டுப் போனவர்கள் எல்லாம் இப்படிக் குதித்தவர்கள்தான். பயிற்சி இடத்தில் மூன்று விஷயத்தைக் கை தானாகச் செய்யும்வரை செய்யுங்கள். பட்டனை அழுத்தினால் ரீலோட் ஆகிவிடாது, குண்டு தானாக நிரம்பாது. குண்டுக்கூடான மேகசினைச் செருகி, துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னால் இழுக்க வேண்டும். பதற்றத்தில் நான் போல்ட்டை மறந்து வெறும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்ற நாள்கள் உண்டு. அடுத்து, வாழைப்பழம். காயம் ஆற அதை உரித்து, வாயருகே கொண்டுபோக வேண்டும். உரிக்கிற நேரத்தில் இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும், சுட முடியாது. மூன்றாவது, சுவர் எழுப்புவது. கையில் இருக்கும் பலகையை நீட்டி வைத்தால் சுவராக நிற்கும். பழசுகள் நம்மைவிட நன்றாகச் சுடுவதால் மட்டும் ஜெயிப்பதில்லை. அடிபட்ட நொடியில் நான்கு பக்கமும் பலகை வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து நிதானமாகப் பழம் உரிக்கிறார்கள்.

அக்கா மகன் திருப்பூரில் ப்ளஸ் டூ படிக்கிறான். அவனும் நானும் ஒரு ஸ்குவாட், மூன்றாவதாக யாராவது வந்து சேர்வார்கள். ஒருநாள் மொட்டை மாடியில் நான் அடிபட்டு விழுந்துகிடந்தேன். அவன் ஓடிவந்து, மின்சார அதிர்ச்சி கொடுக்கும் இரண்டு கட்டைகளையும் எடுத்து ஒன்றோடொன்று தேய்க்கிறான். "மாமா, சார்ஜ் ஏறிட்டிருக்கு, பேசாம படுங்க." அவன் தேய்ப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவனுக்குப் பின்னால், மாடி விளிம்பில், முதலில் ஒரு கை வருகிறது, அப்புறம் ஒரு தலை. "டேய் பின்னாடி" என்று கத்துவதற்குள் அவனும் என் பக்கத்தில் படுத்துவிட்டான். மூன்றாவது ஆள், மலேசியக்காரர் போலிருக்கிறது, தூரத்துக் கூரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சுவர் வைத்துவிட்டுத் தூக்கு தம்பி" என்று தமிழிலேயே சொன்னார். எங்கள் இருவருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அவர் சொன்னதுதான் விதி. முதலில் பலகை, அப்புறம்தான் ஆளைத் தூக்குவது.

பேசுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'நண்பர்களோடு ஆடினால்தான் ருசி' என்பதில் மட்டும் நான் படித்த அத்தனை பேரும் ஒத்துப்போனார்கள். சாதாரணத் துப்பாக்கி விளையாட்டில் இடது, வலது போதும். இதில் ஆள் ஏறுவான், மிதப்பான். எனவே உயரத்தை முதலில் சொல்லுங்கள்: "மேல, தண்ணி டேங்க் பக்கம், ஒருத்தன்." மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம். செத்தபின் பேசாதீர்கள். நான் செத்ததும் "எப்படிடா அடிச்சான்" என்று ஆராய்ச்சி செய்வேன், மருமகனுக்குக் காலடிச் சத்தம் கேட்காது. அவன் என்னை ஒருமுறை மியூட் செய்தே விட்டான்.

மியூட் பட்டன் எங்கே என்று முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கீச்சுக்குரலில் யாரோ ஒரு பொடியன் காதுக்குள் பாட்டுப் பாடுவான், கெட்ட வார்த்தை சொல்லிப் பார்ப்பான். மெட்டா (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) இப்போது பெற்றோர் கண்காணிப்போடு 10 வயதிலிருந்தே கணக்குத் தொடங்க விடுகிறது, ஆகவே இது குறையப் போவதில்லை. அவனோடு சண்டைக்குப் போகாதீர்கள். அடக்கிவிட்டு ஆடுங்கள். ஆனால் எல்லாப் பொடியன்களையும் அடக்கிவிடாதீர்கள். போல்ட்டை இழுக்க மறந்த எனக்கு, "ஐயா, இப்படி" என்று ஆங்கிலத்தில் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தது பத்துப் பதினோரு வயதுக் குரல்தான்.

வீட்டில் பிள்ளைகள் கேட்டால், அவர்கள் காதில் விழுவது என்ன என்பதை நீங்கள் ஒருநாள் ஹெட்செட்டை மாட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். துப்பாக்கியைவிடப் பேச்சுத்தான் யோசிக்க வைக்கும்.

ஆடி முடித்ததும் முகம் படும் பஞ்சை ஈரத்துணியால் துடையுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். ஜன்னலோரம் வைக்கவே கூடாது. லென்ஸ் வழியாக வெயில் உள்ளே விழுந்தால் பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போலத் திரையில் பொட்டு விழும், அது போகாது. எங்கள் வீட்டில் அது பீரோவில், மனைவியின் பட்டுப்புடவைகளுக்குக் கீழ்த் தட்டில் இருக்கிறது. சாவி அவளிடம். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கொடுத்துவிடுகிறாள், ஃபேன் சுவிட்சை அவளே அணைத்துவிட்டு.