'நச்சரிப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்தும் முறை

ஒன்றைக் கேட்டு, கேட்கப்பட்டவர் மறுத்த பிறகும் அல்லது விடை சொல்லாமல் தள்ளிப்போட்ட பிறகும், அதையே திரும்பத் திரும்பக் கேட்டு அவரைச் சலிப்படையச் செய்வதற்கு நச்சரித்தல் என்று பெயர். கேட்பது பலமுறை நிகழ வேண்டும் என்பதால், 'ஒரே ஒருமுறை நச்சரித்தான்' என்று எழுதினால் காதில் இடறும். 'நச்சரித்துக்கொண்டே இருந்தான்', 'நாள்தோறும் நச்சரிக்கிறாள்' என்பவை இயல்பாக ஒலிக்கும்.

நச்சரிக்கப்படுபவரைக் குறிக்கும் சொல் இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' ஏற்கும். கேட்கப்படும் பொருளை 'கேட்டு', 'என்று', 'படி' ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு இணைக்கலாம். 'மிதிவண்டி கேட்டுத் தந்தையை நச்சரித்தான்', 'கதை சொல்லும்படி பாட்டியை நச்சரித்தார்கள்' என்பவை சரியான வாக்கியங்கள். 'நச்சறிப்பு' என வல்லின றகரம் இட்டு எழுதுவது பிழை. 'நச்சரித்து' என்ற எச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்பதால் 'நச்சரித்துப் பெற்றான்' என்றே எழுத வேண்டும். 'நச்சரிப்பு தாங்காமல்' என்பதில் ஒற்று மிகாது. உருபு வெளிப்படும் 'நச்சரிப்பைத் தாங்காமல்' என்பதில் மிகும்.

அருகிலுள்ள சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்வதைப் பலரிடம் காண முடிகிறது. வற்புறுத்தலில் அழுத்தம்தான் முதன்மையானது. அதிகாரம் உள்ளவர் ஒரே முறை சொன்னாலும் அது வற்புறுத்தலாகிவிடும். கெஞ்சுவதில் பணிவு இருக்கும். அடம் பிடிப்பவர் வாய் திறக்காமலும் அடம் பிடிக்கலாம். நச்சரிப்புக்கோ பேச்சோ எழுத்தோ தேவை. தொணதொணப்பு என்பது வெறும் ஓயாத பேச்சாகவும் இருக்கலாம், அதில் கோரிக்கை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இலக்கணத்தைவிட முக்கியமாக நான் கருதுவது, இச்சொல் கேட்கப்படுபவரின் எரிச்சலைத் தன்னுள் சுமந்திருக்கிறது என்பதைத்தான். 'தொழிலாளர்கள் நிலுவைக் கூலியைக் கேட்டு முதலாளியை நச்சரித்தார்கள்' என்று எழுதும்போது, எழுதுபவர் தம்மை அறியாமலேயே முதலாளியின் பக்கம் நின்றுவிடுகிறார். உரிமையுள்ள கோரிக்கை வெறும் தொல்லையாகச் சுருங்கிவிடுகிறது. அவ்விடத்தில் 'தொடர்ந்து கோரினார்கள்' அல்லது 'வலியுறுத்தினார்கள்' என்பதே நேர்மையான சொல்லாட்சி. செய்தி, அறிக்கை, மனு ஆகியவற்றை எழுதுவோர் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இச்சொல் தன்மையில், அதாவது பேசுபவர் தம்மைப் பற்றியே சொல்வதாக, வரும்போது நிலை மாறுகிறது. 'உங்களை நச்சரிப்பதாக நினைக்க வேண்டாம்' என்று தொடங்கும் கடிதம், மறுமுறை கேட்பதால் உண்டாகும் சங்கடத்தைத் தானே ஏற்றுக்கொள்வதால், படிப்பவரின் சலிப்பைச் சற்றுத் தணிக்கிறது. நெருங்கியவர்களிடம் இது நன்கு பொருந்தும். அலுவலகக் கடிதத்தில் 'மீண்டும் நினைவூட்ட விரும்புகிறேன்' என்பதே போதுமானது.