புராஸ்டேட் புற்றுநோய்க்கு க்ரையோ சிகிச்சை: நீலகிரிக்காரர்கள் போவதற்கு முன்னால்

ராத்திரி நாலு தடவை எழுந்து போனாலும் "ஊட்டிக் குளிருக்கு அப்படித்தான்" என்று சொல்லியே நம் ஊர்ப் பெரியவர்கள் வருஷக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது வெறும் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கம்தான். ஆனால் பி.எஸ்.ஏ ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ ஸ்கேன், பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) எல்லாம் முடிந்து புற்றுநோய் என்று உறுதியாகி, டாக்டர் க்ரையோ, அதாவது புற்றை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை, பற்றிப் பேசியிருந்தால், தலையாட்டுவதற்கு முன் சில விஷயங்கள்.

விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக மெல்லிய ஊசிகளை, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, புராஸ்டேட்டுக்குள் செலுத்துவார்கள். ஊசி முனையில் ஆர்கான் வாயு விரியும்போது சுற்றியிருக்கும் சதை உறையும். மைனஸ் 40 டிகிரிக்குக் கொண்டுபோவதுதான் குறி. அப்புறம் உருகவிட்டு, மறுபடி உறைய வைப்பார்கள். மார்கழி உறைபனியில் தேயிலையைப் பார்த்திருப்பீர்களே, ராத்திரி வெள்ளையாக நிற்கிற இலை காலை வெயிலில் உருகின பிறகுதான் கருகும், இங்கேயும் உருகும்போதும் பாதி வேலை நடக்கிறது. சிறுநீர்ப் பாதை உறைந்துவிடாமல் அதற்குள் வெதுவெதுப்பான நீர் ஓடும் குழாய் ஒன்று இருக்கும். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் போல.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. எலும்புக்குப் பரவிவிட்டால் புராஸ்டேட்டை உறைய வைப்பது மட்டும் போதாது. ரேடியேஷன் கொடுத்தும் அதே இடத்தில் திரும்பி வந்தவர்களுக்கு இது நல்ல வழியாக இருக்கலாம். சுரப்பி ரொம்பப் பெரிதாக இருந்தாலோ, முன்பே சிறுநீர்ப் பாதை வழியாகச் சுரண்டி எடுத்திருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முழுச் சுரப்பியையுமா, கட்டி இருக்கும் பக்கம் மட்டுமா என்றும், அவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த மெஷின் கிடையாது, அதனால் மலை இறங்கும் முன்பே போனில் விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

முழுச் சுரப்பியையும் உறைய வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு விறைப்புத்தன்மை போய்விடும். மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அப்பா இதைக் கேட்கவே மாட்டார், ஆகவே கொஞ்ச நேரம் அவரை டாக்டரோடு தனியாக விடுங்கள்.

தேதியை ஐப்பசி, கார்த்திகையில் வைக்காமல் இருக்க முடியுமா பாருங்கள், மண் சரிந்து குன்னூர் ரோடு அடைபட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டிவரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உண்மையான பாடு சிகிச்சைக்கு அப்புறம்தான். யூரின் டியூப் ஒன்றிரண்டு வாரமாவது இருக்கும். முடிந்தால் கீழேயே ஓரிரு நாள் தங்கிவிட்டு, மேட்டுப்பாளையத்தில் யூரின் பையைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள். டியூபைத் தொடையோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டி, பையை இடுப்புக்குக் கீழேயே வையுங்கள், கார் ஜன்னல் கைப்பிடியில் மாட்டினால் சிறுநீர் திரும்ப உள்ளே போகும். கொண்டை ஊசி வளைவில் டியூப் இழுபட்டால் வலி உயிர் போகும். வீட்டில் இறுக்கமான தெர்மல் பேண்ட் வேண்டாம், வேட்டியும் மேலே கம்பளியும் போதும். குளிரில் தண்ணீர் குடிக்கவே தோன்றாது, வெந்நீராகவாவது அடிக்கடி கொடுங்கள். விதைப்பை வீங்கி நீலம் பாரிப்பது சகஜம், பயப்பட வேண்டாம். கொழுந்து மூட்டை தூக்குவதெல்லாம் டாக்டர் சரி சொன்ன பிறகு.

பையில் ஒன்றும் இறங்காமல் அடிவயிறு கனத்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியோ குன்னூர் லாலி மருத்துவமனையோ எது பக்கமோ அங்கே போய்விடுங்கள். டியூப் எடுத்த பிறகு சிறுநீரோடு காற்றோ மலமோ வந்தால் சிகிச்சை செய்த டாக்டருக்கு உடனே போன். அபூர்வம்தான், ஆனால் அது குடலில் ஓட்டை விழுந்த அடையாளம்.

அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. அது பூஜ்யத்துக்கு வராமலும் இருக்கலாம், ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுத்து, நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.