மேடும் பள்ளமுமான மனையில் தோட்டம்: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

ஊரில் வீடு கட்டி முடித்ததும் பெரும்பாலானவர்கள் நேராக நர்சரிக்குப் போய்விடுகிறார்கள். வண்டி நிறையச் செடி வாங்கி, கண்ணுக்குப் பட்ட இடத்தில் நட்டுவிடுகிறார்கள். தோட்டம் அமைக்கும் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். ஐப்பசியில் அடித்த ஒரே மழையில் மேட்டு மண் வழிந்து வந்து வாசலில் சேறாக நின்றது. நட்டதில் பாதி மண்ணுக்குள் புதைந்துபோனது, மீதி வேரோடு வெளியே கிடந்தது. அந்த வீட்டு அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சேற்றை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தண்ணீர் போகும் வழி தெரியாமல் எந்த மனையிலும் ஒரு செடிகூட வைப்பதில்லை.

உதாரணத்துக்கு ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் 20 சென்ட். மேற்கே சரளை கலந்த செம்மண் மேடு. கிழக்கே குளத்தை ஒட்டிய களிமண் பள்ளம். நடுவில் வீடு.

முதல் வேலை: மழையில் நடப்பது

நல்ல மழை பெய்யும்போது குடையோடு மனையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து, அந்த இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். மழைக்காலம் இல்லையென்றால் பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள். வருஷக்கணக்காகப் பார்த்தவருக்கு எல்லாம் தெரியும்.

இரண்டாவது: மட்டம் பார்ப்பது

கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் போதும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மேட்டிலும் மறுமுனையை வீட்டோரத்திலும் பிடித்து, இரண்டு இடத்திலும் தரையிலிருந்து தண்ணீர் நிற்கும் உயரத்தை அளந்தால், அந்த வித்தியாசத்தில் எத்தனை அடி சரிவு என்று தெரிந்துவிடும்.

ஒரே மட்டத்தில் கோடு போட இன்னொரு கருவியை நீங்களே செய்யலாம். ஆறடி நீளக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவே ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து தூக்குக் குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். சட்டத்தைத் தரையில் நிறுத்தி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு கிழியுங்கள். அதே இரண்டு இடத்தில் கால்களை மாற்றி வைத்து இன்னொரு கோடு கிழியுங்கள். இரண்டுக்கும் சரிபாதிதான் மட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போய், வைத்த இடத்திலெல்லாம் முளை அடித்தால் சம உயரக் கோடு கிடைத்துவிடும்.

மூன்றாவது: மண்ணைத் தெரிந்துகொள்வது

மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரம் எடுக்கும். களி படிய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். எந்த அடுக்கு தடிமனோ, உங்கள் மண் அந்த ரகம்.

அப்புறம் ஓரடிக்கு ஓரடி குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் கவலை இல்லை. அரை அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் அங்கே முருங்கையும் மாதுளையும் வேண்டாம், வேர் அழுகிவிடும். உப்பு, களர் சந்தேகம் இருந்தால் அரை கிலோ மண்ணை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது: மண்வேலை

செலவும் உழைப்பும் அதிகம் போகும் இடம் இதுதான். அவசரப்பட்டால் பிறகு திருத்தவும் முடியாது.

பொக்லைன் வருவதற்கு முன்னால் மேல்மண் அரை அடியை வழித்துத் தனியாகக் குவித்துவையுங்கள். சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைக் கீழே போட்டு மூடிவிட்டு, பிறகு வெளியிலிருந்து லோடு மண் வாங்குபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

வீட்டுச் சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் தரை அரை அடியாவது வெளிப்பக்கம் இறங்க வேண்டும். நிரப்பும் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் மழையில் உள்வாங்கிவிடும்.

மேட்டுச் சரிவில், முளை அடித்த கோட்டில் ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். வரப்பில் அரையடிக்கு ஒன்றாக வெட்டிவேர் நாற்று. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் ஆறேழு அடி நேராகக் கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வீட்டுக்கு மேலே இருக்கும் கடைசி வாய்க்காலை மட்டும் சமமாக வெட்டக் கூடாது. 100 அடிக்கு ஓரடி சரிவு கொடுத்தால்தான் தண்ணீர் அஸ்திவாரத்துப் பக்கம் ஊறாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும்.

சரிவு செங்குத்தாக இருந்தால் இரண்டடி உயரத்துக்குச் சிமெண்ட் இல்லாத கல்கட்டு நல்லது. அடிப்பகுதியின் அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல், மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல் அடுக்கி, பின்னால் சரளை நிரப்புங்கள். கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியேறிவிடும். சிமெண்ட் பூசிக் கட்டி, துவாரம் விடாமல் போனால் ஈர மண்ணின் பாரம் சுவரைத் தள்ளிவிடும். நாலடிக்கு மேல் போகிறதென்றால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மேட்டு வாய்க்கால் தண்ணீரைத் தேக்கி மண்ணில் ஊறவைக்கத்தான். களிமண் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே தண்ணீரை வடிக்க வேண்டும். ஓரடி உயர மேட்டுப்பாத்தி, நடுவே ஆழமில்லாத வடிகால். கோவில்பட்டி, சாத்தூர் போலக் கரிசல் பூமியில் வீடு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அந்த மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அங்கே கான்கிரீட் நடைபாதை விரிசல் விடும். சரளை விரித்து, மேலே கல் பதித்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் சரிசெய்யலாம்.

கூரைத் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் விழும். அதைச் சுவரோரம் விடாமல் குழாய் போட்டு, வீட்டைத் தாண்டிக் கிழக்கே கொண்டுபோங்கள்.

ஐந்தாவது: செடி

இப்போது நர்சரிக்குப் போகலாம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றைத் தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மேற்கு எல்லையில் வேம்பு, புங்கன், பூவரசு. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். சரளை மேட்டில் நெல்லி, சீத்தா. மூன்றடிக் குழி வெட்டி, எடுத்துவைத்த மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். முருங்கைக் கிளை காற்றில் சட்டென்று முறியும், அதனால் ஓட்டுக் கூரைக்குப் பக்கத்தில் வேண்டாம். குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் வாழை, சேம்பு, கல்வாழை. வேலிக்குக் கிளுவை, நொச்சி, ஆடாதொடை. ஆடு கடைசி இரண்டையும் தொடாது.

புல்தரைக்கு அருகம்புல்லே போதும். தினமும் தண்ணீர் கேட்கும் புல்லை வாங்கிப்போட்டுக் கிணற்றைக் காலி செய்யாதீர்கள்.

நடவைப் புரட்டாசியில் முடித்தால் வடகிழக்குப் பருவமழையிலேயே வேர் பிடித்துவிடும். மழை நின்றதும் செடியைச் சுற்றிக் காய்ந்த இலை தழையை நாலு விரல்கடை தடிமனுக்குப் பரப்புங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல். அடுத்த ஐப்பசியில் மறுபடி குடையோடு ஒரு சுற்று வாருங்கள். வாய்க்காலில் சேர்ந்த வண்டலை அள்ளி மரத்தடியில் போட்டுவிட்டு, வரப்பு உடைந்த இடத்தில் வெட்டிவேரைப் பிரித்து நட்டால் சரியாகிவிடும்.